பாரதக்காரர் சொன்ன காரணங்கள்

எங்கள் ஊர் பாரதக்காரரிடம் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து வர வேண்டிய கடைசி பஸ் வராமல் போனாலும் சரி, போர் போட்ட இடத்தில் தண்ணீருக்குப் பதிலாக வெறும் புழுதி வந்தாலும் சரி, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "காரணம் இல்லாமலா?" என்பார். சொல்லிவிட்டு உடனே மேலே பேசமாட்டார். வாயில் எப்போதும் ஒதுக்கி வைத்திருக்கும் பனங்கற்கண்டை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளுவார். அதுவரை நாம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு காரணம் வரும். அட, ஆமாம், இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருக்கும். அப்படிப்பட்ட குரல். அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்களுக்குப் பக்கத்து வீடு. மற்ற மாதங்களில் அவரும் எல்லோரையும் போல ஏர் ஓட்டி, மடை திருப்பி, பம்புசெட்டுக்குக் கரண்ட் வரும் நேரம் பார்த்து உட்கார்ந்திருப்பவர்தான். சித்திரை பிறந்து தருமராஜா கோயிலில் கொடி ஏறிவிட்டால் வேறு ஆள். தினமும் பிற்பகலில் கோயில் பந்தலில் உட்கார்ந்து பாரதக் கதை சொல்வார். அவர் பகலில் சொன்ன பகுதியை ராத்திரி கூத்துக்காரர்கள் ஆடுவார்கள். கடைசி நாள் காலையில் துரியோதனனைக் களிமண்ணில் படுக்க வைத்து, தொடையை உடைத்துக் கொல்வது. சாயங்காலம் பாஞ்சாலி அம்மனுக்குத் தீமிதி. மாவட்டத்தில் பாதி ஊர்களில் இப்படித்தான். ஆனால் எங்கள் ஊர் பாரதக்காரருக்கு இருந்த பெயர் மற்றவர்களுக்கு இல்லை. திருப்புலிவனத்திலிருந்தெல்லாம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

அழுவார். அதுதான் அவரிடம் விசேஷம். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வரும் கட்டத்தில் நிஜமாகவே கண்ணீர் வழியும். துண்டை வாயில் கவ்விக்கொள்வார். பெண்கள் பக்கம் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். ஒருமுறை பின்னால் உட்கார்ந்திருந்த ஒருத்தி, களை எடுக்கப் போகிறவள், பொறுக்கமாட்டாமல் எழுந்து கேட்டுவிட்டாள்.

"ஏங்க, பொண்டாட்டிய கொண்டுபோய் சூதாட்டத்துல வெச்சவன் தருமனா? அவனுக்கா கோயில் கட்டி கும்புடறோம்?"

அவர் கண்ணைத் துடைத்தார். கற்கண்டைத் தள்ளினார்.

"காரணம் இல்லாமலா? தருமன் பந்தயம் வெக்கலன்னா துச்சாதனன் புடவைய இழுத்திருப்பானா? அவன் இழுக்கலன்னா கிருஷ்ணன் புடவை குடுத்திருப்பானா? அவன் மகிமை நமக்கு எப்படிம்மா தெரியும்? அந்த தாயி அங்க நின்னது நமக்கோசரம்."

கேட்டவள் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கும் வசந்தாவுக்கும் அப்போது மெய்சிலிர்த்தது. வசந்தா அவருடைய ஒரே மகள். அக்கினி வசந்தத் திருவிழா நாளில் பிறந்தவள் என்று அந்தப் பெயர் வைத்தார். நானும் அவளும் ஒரே தட்டில் தின்று வளர்ந்தவர்கள்.

எந்தச் சாமி என்ன செய்திருந்தாலும் அவரிடம் போனால் விடுதலை கிடைத்துவிடும். ராமன் மறைந்து நின்று வாலியை அடித்ததற்கு ஒரு காரணம். அர்ச்சுனன் போன ஊரெல்லாம் பெண் கட்டியதற்கு ஒரு காரணம். இந்திரன் அடுத்தவன் பெண்டாட்டியிடம் வேஷம் போட்டுப் போனதற்குக்கூட. அகலிகை கல்லாகக் கிடந்ததால்தானே ராமன் கால் அவள் மேல் பட்டது என்பார். ஊரில் இரண்டு குடித்தனம் வைத்திருந்த ஆண்கள் எல்லோரும் அவருக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் கிடைக்காத மரியாதை அந்தப் பந்தலில் கிடைத்தது.

அவர் மனைவியை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். அவர் காரணம் சொல்லும்போது, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, தலை நிமிராமல் ஒரு வார்த்தை போடுவார்.

"ராமன் வர்ற வரைக்கும் மழையிலயும் வெயில்லயும் கெடந்தாளே, அதுக்கு இன்னா காரணம்?"

"உனுக்கு சொன்னா புரியாது மே."

"புரியாது. உங்க கூட்டத்துல பீமன் ஒருத்தன்தான் ஆம்பள. சூதாடின அண்ணன் கைய கொளுத்தணும்னு அந்த தடியன் ஒருத்தன்தான் கேட்டான்."

அவர் சிரித்துவிடுவார். கோபம் வராது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அத்தையை அவர் ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்ததில்லை. வசந்தாவைத் தோளில் தூக்கிக்கொண்டு உத்திரமேரூர் சந்தைக்குப் போவார். எனக்கும் சேர்த்துத்தான் வளையல் வாங்கி வருவார். கொடுமைக்காரனாக இருந்திருந்தால் அவரை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

நான் என் தாய்மாமனைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன். வசந்தாவைக் காஞ்சிபுரம் பக்கம் ஒரு ஊரில் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ரைஸ் மில்லில் வேலை. வாட்ட சாட்டமாக இருந்தான். கல்யாணத்தில் பாரதக்காரர் அவனுக்குக் கால் கழுவிவிட்டு, "சாட்சாத் ராமர்" என்றார். அத்தை அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறு வருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் வசந்தா ஒரு துணி மூட்டையோடு தனியாக வந்து இறங்கினாள். நடந்தது இதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சின்னம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறாள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டு பஸ் இல்லை. சின்னம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் வந்திருக்கிறாள். வாசலிலேயே நிறுத்திவிட்டான். ராத்திரி எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று தெரு கேட்கக் கேட்டிருக்கிறான். சின்னம்மாவைக் கூட்டிவந்து சாட்சி சொல்லவைக்கிறேன் என்று இவள் அழ, கன்னத்தில் அறைந்து அனுப்பிவிட்டான். விரல் தடம் அப்படியே இருந்தது. நான் பார்த்தேன்.

அன்று அவர்கள் வீட்டுப் பின்கட்டில் நானும் இருந்தேன். வசந்தா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து சொன்னாள்.

"நைனா, நான் இங்கியே இருந்துக்கறேன். நடவுக்கு போறேன், களைக்கு போறேன். ஒரு வேளை சோறு போடு, போதும். அந்த ஆளாண்ட மட்டும் என்ன அனுப்பாத."

அவர் அவள் தலையைத் தடவினார். அழுதார். நிஜமாகவே அழுதார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அப்புறம் கற்கண்டைத் தள்ளினார்.

"அவன் சந்தேகப்படறது எதுக்கு? ஒம்மேல ஆசை வெச்சிகினு கீறான், அதுக்கு. ஆசை இல்லாதவன் நீ எங்க போனா இன்னான்னு வுட்டுடுவான். ராமருக்கு சீதைமேல இல்லாத ஆசையா? அவரே கேக்கலியா? காரணம் இல்லாமலா கேட்டாரு?"

வசந்தா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இப்படிப்பட்ட காரணங்களைக் கேட்டு என்னோடு சேர்ந்து மெய்சிலிர்த்தவள்தான் அவள்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கோயில் வாசலில் கூடிப் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா விவரமானவள். சண்டை போடவில்லை. நிதானமாகக் கேட்டாள்.

"உங்க ஊரு அம்மன் சத்தியமான அம்மன்னு நீங்கதான் மைக்குல சொல்றீங்க. பொண்ணு தப்பு பண்ணலன்னா தீமிதியில எறங்கட்டும். அம்மனே சொல்லிட்டா, அதுக்கு மேல எங்களுக்கு இன்னா பேச்சு?"

எங்கள் ஊரில் அதுவரை பெண்கள் தீ மிதித்ததில்லை. காப்புக் கட்டிய ஆண்கள்தான் இறங்குவார்கள். வழக்கம் இல்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரே அவர் பின்னால் நின்றிருக்கும். தெருக்கோடியில் நின்றிருந்த நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கற்கண்டு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போயிற்று.

"எறங்குவா," என்றார்.

அத்தை வீட்டில் சண்டை போட்ட ஒரே நாள் அதுதான். சுவர் வழியாக எங்களுக்கு அத்தையின் குரல் மட்டும் கேட்டது. "நெருப்புல எறங்கி வந்தாளே சீதை, அதுக்கப்புறம் அவள இன்னா பண்ணாங்க? புள்ளத்தாச்சியா காட்டுல கொண்டுபோய் வுடல? அந்த கதையையும் நீதானய்யா புரட்டாசி மாசம் சொன்ன?" என்று அத்தை கத்தினார். அதற்கு அவர் என்ன காரணம் சொன்னார் என்று கேட்கவில்லை. குரலை உயர்த்தும் வழக்கம் அவருக்கு இல்லை.

வசந்தா மஞ்சள் புடவை கட்டி, கையில் காப்போடு விரதம் இருந்தாள். தீமிதி அன்று எள் போட்டால் கீழே விழாத கூட்டம். பாரதக்காரர் மகள் இறங்குகிறாள் என்று ஊர் ஊராகச் செய்தி போயிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் தணல் விசிறிப் பரப்பினார்கள். கரகம் முன்னால் போயிற்று, ஆண்கள் போனார்கள், கடைசியில் அவள். ஓடவில்லை. களத்துமேட்டில் நெல்லைக் கிளறிக்கொண்டு நடப்பதுபோல நடந்தாள். மறு பக்கம் பால் ஊற்றிய குழி. அதற்கு அந்தப்புறம் அவள் அப்பா இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, "தாயே, தாயே" என்று அழுதபடி நின்றிருந்தார்.

காலில் ஒரு கொப்புளம் இல்லை. நான்தான் கழுவிவிட்டேன்.

"வலிக்குதாடி?" என்று கேட்டேன்.

"நெருப்பு ஒண்ணும் பண்ணல. நைனா அந்தாண்ட நின்னுகினு என்ன கும்புட்டாரு பாத்தியா? கை நீட்டி தூக்குவாருன்னு பாத்தேன்டி. கும்புடறாரு."

மாப்பிள்ளை வீட்டார் மாலை போட்டு, மேளம் வைத்து அழைத்துப் போனார்கள். ஊரே பூரித்துப்போயிற்று. பாரதக்காரர் அந்த வாரம் முழுக்கக் கோயில் வாசலில் போவோர் வருவோரிடமெல்லாம் நின்று பேசினார். எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது என்பதை மறைப்பானேன்.

நெருப்பு அந்த ஒரு ராத்திரிக்குத்தான் பதில் சொன்னது. அவனிடம் வேறு கேள்விகள் இருந்தன. தண்ணீர் எடுக்கப் போனவள் ஏன் இவ்வளவு நேரம் நின்றாள், மில்லிலிருந்து வந்தவனைப் பார்த்து ஏன் சிரித்தாள். ஆடியில் வந்தபோது வசந்தா பாதியாக இளைத்திருந்தாள். அப்போதும் கேட்டாள். அப்போதும் அவர் அழுதார். அம்மனே சாட்சி சொன்ன பிறகு நீ வந்து உட்கார்ந்தால் அம்மன் சொன்னது பொய்யாகிவிடுமே என்றார். அவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

ஐப்பசி அடைமழையில் மாப்பிள்ளை வீட்டு நிலத்துக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றார்கள். விழுந்தாளோ, விழுந்தது அவள் முடிவோ, வேறு யார் கையோ, இன்றுவரை தெரியாது. கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

எங்கள் ஊருக்கே எடுத்துவந்து போட்டிருந்தார்கள். அத்தை அழவில்லை, மகளின் ஈரத் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே இருந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள், இப்படி ஆகிவிட்டதே என்று பாரதக்காரரின் கையைப் பிடித்து அழுதார்கள். அவரும் விம்மி விம்மி அழுதார். அப்புறம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அந்த நேரத்திலும் வாயில் கற்கண்டு இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த இடைவெளி இருந்தது.

"காரணம் இல்லாமலா? சீதையயும் கடைசியில பூமாதேவிதான் வாய தொறந்து வாங்கிக்கினா. கிணறும் பூமிதான."

வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். அத்தையின் கை மட்டும் நின்றுவிட்டது. நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அதன் பிறகு வீட்டில் அவரோடு அத்தை பேசி நான் கேட்டதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அடுத்த சித்திரையில் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று கோயிலில் சிலர் சொன்னார்கள். இவர் ஒப்புக்கொள்ளவில்லை. தானே சொன்னார். பாஞ்சாலி சபையில் நின்று கத்துகிற கட்டத்தில் அவர் அழுததைப் பார்த்துவிட்டு, இதுவரை இப்படிச் சொன்னதே இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அதே கேள்வியை யாரும் கேட்காமலே அதே காரணத்தையும் சொன்னார். அத்தை ஒருநாளும் பந்தல் பக்கம் வரவில்லை. கடைசி நாள் காலை மட்டும் வந்தார்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த தரிசில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். களிமண் உடம்பு, சுண்ணாம்பு பூசிய கண், தொடைக்குள் புதைத்த சிவப்புத் தண்ணீர்ப் பானை. பீமன் வேஷக்காரர் தொடையை உடைத்தார், தண்ணீர் பீறிட்டது. பாஞ்சாலி வேஷம் கட்டியவர் கூந்தலை முடிந்தார். அதன் பிறகு ஒரு வழக்கம். பாஞ்சாலி கையில் துடைப்பமும் முறமும் கொடுப்பார்கள். சனம் வரிசையாகப் போய்த் தலை குனியும். அம்மன் துடைப்பத்தால் தட்டினால் பீடை போகும், நோய் போகும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து அடி வாங்கிப் போவார்கள். எப்போதும் முதல் அடி பாரதக்காரருக்கு. இத்தனை நாள் சாமிகளின் வாழ்வையும் சாவையும் வாயால் சொன்ன தோஷம் கழிய வேண்டும் இல்லையா!

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை விறுவிறுவென்று போனார். பாஞ்சாலி வேஷக்காரர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள் அவர் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினார். அடித்தார். தட்டவில்லை, அடித்தார். தலையில், முதுகில், குனிந்திருந்த கழுத்தில். ஈர்க்குச்சிகள் ஒடிந்து பறந்தன.

"எறங்குவான்னு சொன்ன வாயி இதுதான? கெணறும் பூமிதான்னு சொன்ன வாயி இதுதான? சொல்லுய்யா, இதுக்கு காரணம் சொல்லு!"

நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. அத்தை கையை ஓங்கியதுமே, அருள் வந்துவிட்டது என்று பம்பைக்காரர்கள் முழக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். அவர் கன்னத்தில் ரத்தக் கோடு. இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "தாயே, வந்துட்டியா தாயே" என்று மண்ணில் விழுந்தார்.

அத்தை துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"யோவ், தாயி இல்லய்யா. நான்தான். உன் பொண்டாட்டி. கண்ண தொறந்து என் மூஞ்ச பாருய்யா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. யாரோ அத்தையின் காலில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் பூசினார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். ஒருவர் கை கட்டிக்கொண்டு, "தாயே, இந்த வருஷம் மழை எப்படி தாயே?" என்று பணிவாகக் கேட்டார். அத்தை சுற்றிலும் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் போய்த் தோளைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தேன். வழியெல்லாம் சனம் விழுந்து கும்பிட்டது.

அன்று சாயங்காலம், தீமிதிக்கு முன்னால், பாரதக்காரர் கன்னத்தில் மஞ்சள் பற்றோடு மைக்கைப் பிடித்தார். அம்மன் தன்னைத் தேடி வந்து அடித்ததற்குக் காரணம் இல்லாமலா என்று கேட்டார். முந்தின நாள் களைப்பில் கர்ணன் சாவை அவசரமாக முடித்துவிட்டாராம். அந்தக் குறையை அம்மன் பொறுக்கவில்லையாம். கூட்டம் உச்சுக் கொட்டியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

மறு வருஷம் அதையே ஒரு வழக்கமாக்கிவிட ஏற்பாடு செய்தார்கள். கடைசி நாள் காலையில் தாம்பாளத்தில் மஞ்சள் புடவை, பூ, பழம், புதுத் துடைப்பம் எல்லாம் வைத்து, பம்பை முழங்க அத்தையை அழைக்க வீட்டுக்கே வந்தார்கள். தட்டைத் தூக்கி வந்தவர் அவரேதான். வாசலில் நின்று கண்ணை மூடி, "தாயே" என்றார்.

அத்தை வெளியே வந்தார். புடவையைத் தொடவில்லை, பூவைத் தொடவில்லை. துடைப்பத்தை எடுத்து, உள்ளங்கையில் தட்டிச் சரிசெய்து, வாசலைப் பெருக்க ஆரம்பித்தார். பம்பை ஒவ்வொன்றாக அடங்கியது. கூட்டத்தின் நடுவே குப்பையைத் தள்ளிக்கொண்டே வந்தவர், பாரதக்காரர் அருகே வந்ததும் நின்றார்.

"கால நவுத்து," என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய பேச்சு. அவர் கண்ணைத் திறந்துவிட்டார். தட்டோடு ஓரமாக நகர்ந்தார். அத்தை பெருக்கி முடித்து, துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டார். சனம் ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார். கற்கண்டு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போவது எனக்கு எங்கள் வாசலிலிருந்தே தெரிந்தது.

நான் உள்ளே வந்துவிட்டேன். என்ன காரணம் சொன்னார் என்று அதற்கப்புறமும் யாரிடமும் கேட்கவில்லை.